நான் பூட்டி வைக்காத சப்பாத்து

தம்பி,

நீ காலில் போட்டு விளையாடிய சப்பாத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது ஆட்கள் என்னைத் தங்கள் விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். "இவதான் அந்த அமெரிக்க விளையாட்டுக்காரன்ர சப்பாத்தை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, திறப்பைத் தரமாட்டன் எண்டு நிண்டவ." பாராட்டித்தான் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத குற்றத்தை என்மேல் போட்டிருந்தால் எதிர்த்து நிற்க எனக்குத் தெரியும். செய்யாத நன்மையை எப்படி மறுப்பது என்று பள்ளியில் எந்தக் கன்னியாஸ்திரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இன்று காலை அந்த அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், இந்த வீட்டின் இத்தாலியக்கார அம்மா சிஞ்ஞோராவின் பழைய மேசைவிரிப்பில் சுற்றியபடி அது இருக்கிறது. முடிச்சை அவிழ்த்தவுடன் மணம் வந்தது. தோல், காய்ந்த புல், நீ முழங்காலுக்குப் பூசும் தைலம், எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் மீன். சிஞ்ஞோராவும் மறந்துவிட்டார்; சப்பாத்தில் மீன் ஏன் மணக்கிறது என்று இந்த வீட்டில் இப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் உனக்கு எழுதும்போதெல்லாம் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதுவேன். இப்போதும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ மாசி மாதத்தில் இறந்துவிட்டாய் என்பது என் கைக்கு இன்னும் தெரியவில்லை.

இந்தப் பலெர்மோவின் பல்லாரோச் சந்தையில் உன்னை முதன்முதல் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? மாஃபியாவுக்குப் பயந்து நீதிபதிகளின் வீட்டு வாசல்களில் எல்லாம் படையினர் துவக்குடன் நின்ற காலம் அது. நான் எங்கள் கோயில் திரேசம்மாவுடன் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அன்ரி, அது முத்தல். உள்ளுக்கு முழுக்க விதைதான்."

திரும்பினால் ஒரு வெள்ளைக்காரன், ஒரு கதவளவு அகலத்தில். கழுத்தென்று தனியாக ஒன்றும் இல்லை. தலையை எடுத்து நேரே தோளில் வைத்தது போலிருந்தாய்.

திரேசம்மா பையைக் கீழே போட்டுவிட்டாள். "யேசுவே! அக்கா, வெள்ளைக்காரன் தமிழ் கதைக்கிறான்!"

"ஓம், கதைப்பன்," என்றாய். "தூசணமும் கொஞ்சம் தெரியும்."

"அதை இஞ்சை எடுக்க வேண்டாம்," என்றேன் நான்.

உன் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தவர். பன்னிரண்டு வயது வரை நீ அங்கே வளர்ந்தாய். பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடம்பு அங்கே வளர்ந்தது, தமிழ் வளரவில்லை. முப்பத்தேழு வயது மனிதன் வாயைத் திறந்தால் பன்னிரண்டு வயதுப் பொடியன் கதைத்தான். நான் உன்னை எடுத்த எடுப்பிலேயே தம்பி என்று கூப்பிட்டதும் அதனால்தான்.

நீ குடியிருந்தது சிஞ்ஞோராவின் வீட்டுக்கு மேல்மாடியில் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அங்கே உன்னைக் கொண்டுவந்து இருத்தியவர் உங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர், பிரெசிதெந்தே. சிமெந்து வியாபாரி. அமெரிக்கக் கால்பந்தின் மேல் அவருக்குப் பைத்தியம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆளை ஆள் மோதி வீழ்த்துவார்கள், அதற்குக் கால்பந்து என்று பெயர். அமெரிக்காவில் பதினொரு வருடம் சம்பளத்துக்கு விளையாடிவிட்டு, அங்கே யாருக்கும் நீ வேண்டாம் என்றான பிறகு பலெர்மோவுக்கு வந்திருந்தாய். நானும் அப்படித்தான். மகள் பக்கத்து ஊர் பகேரியாவில் இருந்தும், அவள் வீட்டில் சும்மா இருந்து சாப்பிட மனமில்லாமல், அப்போது எழுபத்தைந்து வயதுச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ள வந்தவள். வேலைக்காரி என்று யாரும் சொன்னால் திருத்துவேன். நீயும் ஒரு தடவை திருத்தப்பட்டாய்.

பின்னேரங்களில் நீ எங்கள் பல்கனிக்கு வருவாய். ஒருநாள் கேட்டேன்.

"லைன்பேக்கர் எண்டால் என்ன தம்பி, காவல்காரனோ?"

"ஓம் அன்ரி, காவல்காரன்தான். முன்னுக்கு எங்கட பெரிய ஆக்கள் வரிசையா நிப்பினம். நான் அவைக்குப் பின்னால. பந்து எந்தப் பக்கத்தால வருதெண்டு பாத்து, கொண்டுவாறவனை விழுத்த வேணும்."

"எந்தப் பக்கத்தால வருமெண்டு உனக்கு எப்படித் தெரியும்?"

நீ கம்பியில் சாய்ந்து கீழே சந்தையைக் காட்டினாய். தோளில் பெட்டியுடன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். "அவனைப் பாருங்கோ. கண் மீன்கடைப் பக்கம். ஆனா மற்றப் பக்கம்தான் திரும்பப் போறான்." சொல்லி முடிக்குமுன் அவன் திரும்பினான். "கண் பொய் சொல்லும் அன்ரி. தலையும் பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது. ஆள் எங்கை போகப்போறானோ அங்கை இடுப்பு முதலே திரும்பிடும்."

"அதுக்காகப் பொம்பிளையளின்ர இடுப்பைப் பாத்துக்கொண்டு நிக்காதை."

"சரி, கிழவியளை மட்டும் பாக்கிறன்."

"அதுவும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. யார் எந்தச் சந்துக்குள் திரும்புவார் என்று நான் சொல்வேன், நீ சரி பிழை சொல்வாய். ஒரு மாதத்தில் எனக்குப் பிழைப்பது குறைந்துவிட்டது. எதையும் அரைகுறையாகப் படிப்பது என் வழக்கமல்ல.

உன் தொழிலில் வயது என்பது என்ன என்று அந்தப் பல்கனியில்தான் விளங்கிக்கொண்டேன். "கனபேர் மூண்டு நாலு வருஷத்தில வீட்டை போயிடுவினம்," என்றாய். "முப்பது வயசெண்டால் கிழவன் எண்டு கூப்பிடுவாங்கள். நான் ஏன் இவ்வளவு காலம் நிண்டனான் தெரியுமோ? இப்ப பொடியங்களை விட ஒரு அடி பிந்தித்தான் ஓடுறன். ஆனா அவங்களுக்கு முன்னம் வெளிக்கிட்டிடுவன். அவங்கள் பாக்கேக்கை நான் அங்கை நிப்பன்."

"ஒருநாள் அதுவும் காணாமல் போகும்."

"போகும். அது மற்ற ஆக்களுக்குத் தெரியிறதுக்கு முன்னம் எனக்குத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாய். "நீங்கள் எப்ப அன்ரி நிப்பாட்டுவியள்?"

"சிஞ்ஞோரா மணியடிக்கிறதை நிப்பாட்டேக்கை."

உள்ளே மணி அடித்தது. நீ சிரித்த சிரிப்பில் கம்பியில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

விளையாட்டு நடந்த மறுநாள் நீ மீன்கடைகளில் மிஞ்சிய ஐஸை ஒரு சாக்கில் வாங்கிவந்து, எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் அதற்குள் புதைத்து வைத்திருப்பாய். சப்பாத்துக்குள்ளும் அந்தத் தண்ணீர்தான் வடியும். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடி மூக்கைச் சுளித்து, வாசலில் யார் சூரை மீனைப் போட்டது என்று கேட்பார். அது மீன் இல்லை, அமெரிக்கன் என்று நான் சொல்வேன். "அப்படியானால் அவனையாவது உப்புப் போட்டு வை," என்பார்.

படி இறங்கும்போது நீ பின்பக்கமாக இறங்குவாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முகம் மேலே பார்த்தபடி, கிணற்றுக்குள் ஏணியில் இறங்குகிறவன் போல. முன்பக்கமாக இறங்கினால் முழங்கால் குத்துகிறது என்றாய். இதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத் தெருவுக்கு வரும் கடைசிப் படியில் மட்டும் திரும்பிக்கொள்வாய்.

இனி எழுதப்போவதை நாங்கள் இருவரும் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டுவதா என்று பார்க்க பிரெசிதெந்தே எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. நீ நொண்டுவதை அவர் கண்டால் முடிந்தது கதை. என்னிடம் வந்தாய்.

"அன்ரி, நான் நடக்கிறதைப் பாருங்கோ. தெரியுதோ?"

"குருடனுக்கும் தெரியும்."

கொன்வென்டில் எங்களுக்கு நடை பழக்கியது தலையில் புத்தகம் வைத்துத்தான். சிஞ்ஞோராவின் தடித்த சமையல் புத்தகத்தை எடுத்து உன் தலையில் வைத்தேன். "தலையை நிமிர்த்து. தோளைப் பதி. நிலத்தைப் பாராதை," என்று மதர் சுப்பீரியர் போலவே நானும் கைதட்டினேன். பாரம் வலது முழங்காலுக்கு வரும் ஒவ்வொரு தரமும் புத்தகம் விழுந்தது. சிஞ்ஞோரா தன் கதிரையை அறைகளுக்கு நடுவிலுள்ள ஓடைப் பக்கம் திருப்பச் சொல்லி, நாடகம் பார்ப்பது போல இருந்து பார்த்தார். ஒரு கிழமை பழகினோம். பிறகு விழவில்லை. பிரெசிதெந்தே வந்து, கோப்பி குடித்து, நீ ஓடை நீளத்துக்கு நடந்துபோய் அவருக்குக் கதிரை எடுத்துவருவதைப் பார்த்துவிட்டு, "இந்த மனிதன் ஒரு இளவரசன் மாதிரி நடக்கிறான்," என்றார். இன்னொரு வருடம் கிடைத்தது.

அந்த ஒரு வருடத்தை உனக்கு வாங்கித் தந்தது என் புத்தகம்தான், தம்பி.

அந்த வருடத்தில் நீ கழுத்தைத் திருப்புவதை விட்டுவிட்டாய். கூப்பிட்டால் உடம்பு முழுக்கத் திரும்பியது. ஆளை மோதியபின் கைக்குள் கரண்ட் ஓடுகிற மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்று ஒருநாள் சொன்னாய். இளவேனில் வந்தபோது உன் இடத்தில் ஒரு பலெர்மோப் பொடியன் விளையாடினான். நீ கோட்டுக்கு வெளியே நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாய். பிறகு ஒருநாள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வந்தாய்.

"போதும் அன்ரி. என்ர காலால நடந்து வெளியில வந்திட்டன். வந்தால் இதைக் கொண்டுபோய் மலையில சாந்தா ரொசாலியாவிட்டை வைக்கிறன் எண்டு நேத்தி வைச்சனான்."

"உங்கட சபையில நேத்தி இல்லையே."

"அப்பா அறிஞ்சால் அடிப்பார்," என்றாய். அவர் அப்போது இறந்து பல வருடம். ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாய்.

அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்கள் அந்தப் புனிதையின் மலைக்கோயிலுக்கு நடக்க இருந்தார்கள். சேர்ந்து போவதென்று முடிவாயிற்று. அதுவரை வைக்கச் சொல்லித் தந்தாய். நான் அதைத் துடைத்து, மேசைவிரிப்பில் சுற்றி, அலுமாரியில் வைத்தேன். நேர்த்திக்கு என்று ஒதுக்கிய பொருளை மறுபடி பாவிப்பதில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

சனிக்கிழமை பிரெசிதெந்தே மூச்சு வாங்க மேலே ஏறிப் போனார். அந்தப் பொடியன் ஸ்கூட்டரில் விழுந்து மணிக்கட்டை முறித்துவிட்டான். வருடத்தின் கடைசி ஆட்டம், கத்தானியாவில். ஸ்தாசியோனே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் காத்து நிற்கிறது. அவர் இறங்கிப்போய்க் கொஞ்ச நேரத்தில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நீ நின்றாய்.

"அன்ரி, சப்பாத்தைத் தாறியளோ?"

"அது நேத்திக்கு வைச்சது."

"தெரியும்."

"வேறை இல்லையோ?"

"என்ர அளவுக்கு இந்த ஊரில எங்கை இருக்கு?"

நான் நின்று யோசித்தேன். ஒருவர் நம்பித் தந்த பொருளை அவர் கேட்கும்போது ஏன் என்று கேளாமல் திருப்பிக் கொடு என்பது கொன்வென்டில் எனக்குப் படிப்பித்தது. பொருள் இன்னும் பீடத்துக்குப் போகவில்லை. ஆகவே அது சாந்தா ரொசாலியாவுடையது அல்ல, உன்னுடையது. ஒரு நீதவானைப் போல இப்படித் தீர்த்தேன். அலுமாரியைத் திறந்தேன். பொட்டலத்தை உன் கையில் வைத்தேன்.

வைக்கும்போது பார்த்தேன். உன் கண் சப்பாத்தில் இருந்தது. உன் வாய் சப்பாத்தைக் கேட்டது. உன் இடுப்பு கதவுப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு காலும் குசினி நிலத்தில் ஊன்றியிருந்தன. போகப்போகிறவன் நிற்கிற நிலை அல்ல அது. நீ சொல்லித்தந்த கண்ணால் நான் அதைத் தெளிவாகப் பார்த்தேன். பார்த்தும், நீ வாயால் கேட்டதற்குத்தான் பதில் கொடுத்தேன்.

"நன்றி அன்ரி," என்று சொல்லிவிட்டு நீ படி இறங்கினாய். வழக்கம்போலப் பின்பக்கமாக. அதனால் உன் முகம் என்னைப் பார்த்தபடியே கீழே போனது. தம்பி, நில் என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு படியிலும் நேரம் இருந்தது.

ஆட்டத்தில் வென்றீர்கள். கடைசியாக ஓடிவந்தவனை விழுத்தியது நீதான் என்று சந்தை முழுக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை நீ வந்தபோது தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பை உன் வலது கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

"கோப்பை வழுக்குது அன்ரி."

கோப்பையைத் துடைத்து, காய்ந்த துணியால் பிடித்து, மறுபடி தந்தேன். மறுபடி விழுந்தது.

அமெரிக்காவுக்குப் போகும் நாளில் சப்பாத்தை என்னிடம் கொண்டுவந்தாய். "இனி இதை மலைக்குக் கொண்டுபோகேலாது, என்ன?" என்று கேட்டாய். "ஏலாது," என்றேன். அந்த நேரத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப நீங்களே வைச்சிருங்கோ," என்றாய். பிறகு இடது கையால் எழுதிய கடிதங்கள் வந்தன. ஒரு பக்கத்தில் நாலு வரிதான் கொள்ளும். அதற்குப் பிறகு நத்தார் வாழ்த்து அட்டைகள் மட்டும்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து உன் மகள் சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். நீ நித்திரையிலேயே போய்விட்டாய் என்று சொன்னாள். நல்ல குரல், தெளிவான ஆங்கிலம். "அப்பாவின் சப்பாத்தை ஒளித்துவைத்த அன்ரி நீங்கள்தானே," என்று கேட்டாள். "அப்பா அடிக்கடி சொல்லுவார். எல்லாரும் விளையாடு விளையாடு என்று சொன்னபோது, பலெர்மோவில் ஒரே ஒருத்தி மட்டும் அலுமாரியைப் பூட்டினாள். கடைசியில் தானே பூட்டை உடைத்து எடுத்ததாகச் சொன்னார். நீங்கள் முயன்றதற்கு நன்றி சொல்லத்தான் எடுத்தேன்."

அந்தப் பிள்ளை அழுதாள். உள்ளே மணி அடித்தது. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். என் மௌனத்தை அவள் ஆம் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கதை எங்கிருந்து தொடங்கியது என்று பிரெசிதெந்தேயிடம் கேட்டேன். அன்று பஸ்ஸுக்குப் பிந்திப் போனதற்கு நீ சொன்ன சாட்டாம். கீழ்வீட்டு அன்ரி ஒளித்துவிட்டா என்றாயாம். பஸ் முழுக்கச் சிரித்ததாம். அங்கிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கோயிலுக்கும் வந்திருக்கிறது. சரி. ஆனால் உன் மகளிடம் சொல்லும்போது நீ எந்த பஸ்ஸுக்கும் பிந்தவில்லையே. இல்லாத பூட்டை ஏன் உடைத்தாய்? எனக்கு ஒரு நல்ல பெயர் வரட்டும் என்றா? அல்லது என் குசினியில் நின்று நீ எதிர்பார்த்ததைத்தான் பிறகு நடந்ததாகச் சொல்லிக்கொண்டாயா? நாள் முழுக்க இதையே நினைக்கிறேன். இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

திரேசம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "விடுங்கோவன் அக்கா," என்றாள். "தகப்பனை ஒருத்தியாவது தடுத்தா எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல். இருந்திட்டுப் போகட்டும். ஆருக்கு நட்டம்?"

"எனக்கு," என்றேன்.

முழுக்க அப்படியும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே ஆறுதலை என் நேர்மைக்காக எடுத்துவிடப் போகிறேன் என்பதை நினைக்க மனம் பதறுகிறது. ஆனால் அவள் நன்றி சொன்ன பெண் பலெர்மோவில் இல்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்து அந்த நன்றியை வைத்துக்கொள்ள முடியாது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். இன்னும் பல்கனியில் நின்றால் யார் எங்கே திரும்புவார் என்று தெரிந்துவிடுகிறது. போன கிழமை சிஞ்ஞோரா கோபித்துக்கொண்டு, எனக்கு யாரும் வேண்டாம், உன் மகளிடம் போ என்றார். கதிரையில் அவர் உடம்பு முழுக்க என் பக்கம் திரும்பியிருந்தது. நான் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்குத் தெரியாமல் போகவில்லை, தம்பி. தெரிந்ததை நம்பத்தான் பிந்திவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் மகளின் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அவளால் இதை வாசிக்க முடியாது. உன் பழைய பொருட்கள் உள்ள பெட்டிக்குள் வைக்கட்டும். அவளுக்கு ஆங்கிலத்தில் தனியே ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: நான் அலுமாரியைப் பூட்டவில்லை. உங்கள் தகப்பனார் கேட்டார், நான் திறந்து கொடுத்தேன். சப்பாத்து என்னிடம் இருக்கிறது. கோயிலுக்கு அது இனி ஆகாது. இதை அறிந்த பிறகும் உங்களுக்கு அது வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். வேண்டாமென்றாலும் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.